கோட்டையா, வீடா? – டெக்சஸ் எல்லையூர் ஒன்றின் கட்டடங்களும் அவற்றின் பெயர்களும்

1. முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டெக்சஸ் மாநிலத்திற்கும் மெக்சிக்கோ நாட்டிற்கும் இடையே எல்லையாக ஓடும் ஆற்றிற்கு இரண்டு பெயர்கள் உள்ளன. வடகரையில் அது ‘ரியோ கிராந்தே’, அதாவது பேராறு; தென்கரையில் ‘ரியோ பிராவோ’, அதாவது சீற்றமிக்க ஆறு. இரண்டும் ஸ்பானிய மொழிப் பெயர்களே. ஒரே நீரோட்டத்தை ஒரே மொழியில் இரு நாடுகள் இரு பெயர்களால் வழங்கும் இந்நிலப்பகுதியில், பெயர்களை ஆராயாது வரலாற்றை ஆராய்தல் இயலாது.

இவ்வாற்றின் வடகரையில், லரேதோ நகரத்திலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர் கீழாற்றுத் திசையில், சபாத்தா மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் சான் இக்னாசியோ. சில நூறு பேரே வாழும் இவ்வூரின் பழைய பகுதி 1973ஆம் ஆண்டு வரலாற்றுச் சிறப்புமிக்க வட்டாரமாகத் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதன் நடுவே உள்ள கல்வீட்டுத் தொகுதி 1998ஆம் ஆண்டு நாட்டின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

இக்கல்வீட்டுத் தொகுதி ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘திரெவீன்யோ கோட்டை’ எனப்பட்டது. 1998ஆம் ஆண்டின் அறிவிப்போ அதனைத் ‘திரெவீன்யோ – உரீபே ராஞ்சோ’ எனக் குறிக்கின்றது. கோட்டை என்பது ஒரு பெயர். ராஞ்சோ, அதாவது கால்நடை வளர்ப்போர் குடியிருப்பு, என்பது மற்றொரு பெயர். கற்கள் மாறவில்லை, பெயர் மாறியது. இப்பெயர் மாற்றத்தின் பொருள் யாது என்பதையும், இவ்வூர்க் கட்டுமானச் சொற்கள் எவ்வெம்மொழிகளின் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன என்பதையும், இவற்றைத் தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் யாவை என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஊரின் வரலாற்றுப் பின்புலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்பானிய அரசு இவ்வாற்றுப் பகுதியில் ‘நுவெவோ சாந்தாந்தெர்’ என்னும் குடியேற்ற மாகாணத்தை நிறுவியது. இப்பணியை மேற்கொண்டவர் ஹோசே தே எஸ்காந்தோன். இவர் காலத்தில் ஆற்றங்கரையிலும் அதன் கிளையாறுகளின் கரையிலும் கமார்கோவும் ரெய்னோசாவும் 1749இலும், ரெவியா 1750இலும், மியேர் 1753இலும், லரேதோ 1755இலும் தோன்றின. 1767இல் குடியேறியோர்க்கு ஆற்றைத் தொட்டுக்கொண்டு உள்நிலம் நோக்கி நீளும் ஒடுங்கிய நிலப்பட்டைகள் பகிர்ந்தளிக்கப்பெற்றன. மழை குறைந்த நிலத்தில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஆற்று நீர் கிட்ட வேண்டும் என்பதே இவ்வமைப்பின் அடிப்படை. அன்று ஆறு எல்லையன்று. இருகரைக்கும் பொதுவான நீர்நிலை. மக்கள் தென்கரையூர்களில் வாழ்ந்து, வடகரை மேய்ச்சல் நிலங்களுக்குக் கால்நடைகளை ஓட்டிச் சென்றனர்.

ரெவியா என்னும் ஊர் புனித இக்னாசியோ லொயோலாவின் பெயரையும் உடன் தாங்கிய ஊர். மெக்சிக்கோ விடுதலை பெற்ற பின்னர், 1827இல், விடுதலை வீரர் விசெந்தே கெரெரோவின் நினைவாக அதன் பெயர் ‘கெரெரோ’ என மாற்றப்பெற்றது. அவ்வூரைச் சேர்ந்த ஹேசுஸ் திரெவீன்யோ 1830ஆம் ஆண்டளவில் வடகரையில் தம் கால்நடைகளுக்கென ஓர் இருப்பிடத்தை அமைத்தார். அதுவே சான் இக்னாசியோ. தாய் ஊர் இழந்த புனிதர் பெயரைச் சேய் ஊர் காத்துக்கொண்டது எனலாம்.

இப்பெயரின் எழுத்துமுறையும் கருதத்தக்கது. தற்கால ஸ்பானியத்தில் ‘இக்னாசியோ’ என்னும் பெயரின் முதலெழுத்து உயிரெழுத்தாகிய ‘இ’ ஆகும். இவ்வூர்ப் பெயரிலோ, தமிழ் யகரத்திற்கு ஒப்பான ‘இ கிரியேகா’ என்னும் எழுத்தே முதலில் நிற்கின்றது. ஸ்பானிய மொழிக் கழகம் 1815ஆம் ஆண்டின் எழுத்திலக்கணத்தில் உயிரொலிக்கு இவ்வெழுத்தை வழங்குவதைப் பெரிதும் வரையறுத்தது. ஆயினும், கையெழுத்து வழக்கில் பழைய முறை நீடித்தது. இன்று நெடுஞ்சாலைப் பலகையிலும் காணப்பெறும் இவ்வெழுத்து, அப்பழைய கையெழுத்து மரபின் எச்சமாகும்.

1836 மார்ச்சு 2ஆம் நாள் டெக்சஸ் தனிக் குடியரசாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அதன்பின் நுவேசஸ் ஆற்றிற்கும் ரியோ கிராந்தேக்கும் இடைப்பட்ட நிலம் இரு தரப்பாரும் உரிமை கொண்டாடிய பகுதியாயிற்று. 1848 பிப்ரவரி 2ஆம் நாள் கையெழுத்தான குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை ஆற்றை எல்லையாக்கியது. திரெவீன்யோ கட்டிய கல்லறை மெக்சிக்கோவில் கட்டப்பெற்றது. இடம்பெயராமலே அமெரிக்கக் கட்டடமாயிற்று. அதனைக் கட்டிய குடும்பத்தின் மொழியும் உறவும் தாய் ஊரும் எல்லைக்கு அப்பால் நின்றன.

3. கட்டடம் வளர்ந்த முறை

இக்கல்வீட்டுத் தொகுதி ஒரே காலத்தில் எழுந்ததன்று. 1830ஆம் ஆண்டளவில் எழுந்தது ஒரே ஓர் அறை. உள்ளூர் மணற்கல்லைச் சதுரித்து, சுண்ணாம்புச் சாந்து கொண்டு தடித்த சுவர்கள் எழுப்பப்பெற்றன. சன்னல் இல்லை, சுவர்களில் துப்பாக்கிக் குழல் நுழையும் அளவிற்குச் சிறு துளைகள் விடப்பெற்றன. மேலே மர உத்திரங்கள் பரப்பித் தட்டையான சுண்ணாம்புத் தளம் இடப்பெற்றது. உரிமையாளர் குடும்பம் அக்காலத்தில் தென்கரையிலேயே வாழ்ந்தது. கால்நடைகளை மேய்க்க வந்தோர் தங்கவும், அப்பாச்சி, கொமாஞ்சி இனக்குழுவினரின் தாக்குதல் நேரும்போது ஒடுங்கவும் இவ்வறை பயன்பட்டது.

அடுத்த கட்டம் திரெவீன்யோவின் மருமகனாகிய பிளாஸ் மரியா உரீபேயின் காலத்தது. 1851ஆம் ஆண்டு முதற்கொண்டு 1871 வரையில் புதிய அறைகள் சேர்க்கப்பெற்றன. உயர்ந்த மதிற்சுவரும் பெருங்கதவமைந்த வாயிலும் அமைந்தன. அறைகள் ஒரு முற்றத்தைத் தழுவி நின்றன. ஒற்றை அறை குடும்பம் நிலையாக வாழும் வீடாகவும், கால்நடை, வணிகம் ஆகியவற்றின் நடுவிடமாகவும் மாறியது.

இரு காலக்கட்டங்களையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. தொகுதியின் மிகப்பெரும்பகுதி 1848ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிற்பட்டது. அதாவது அமெரிக்க ஆட்சியின்கீழ், மெக்சிக்கக் கட்டட மரபில் எழுந்தது. அரசு மாறியபோது கொத்தர் மரபு மாறவில்லை. சுவரின் தடிமனும் சாந்தின் கலவையும் கூரையின் அமைப்பும் தென்கரை மரபினவாகவே தொடர்ந்தன. அரசியல் எல்லைக் கோட்டைக் கொண்டு கட்டடக்கலையின் எல்லையை வரைய முற்படுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

வாயிலின் மேல் அமைந்துள்ள கல்லாலான சூரியக் கடிகாரம் இத்தொகுதியின் தனிச்சிறப்பு. 1851ஆம் ஆண்டில் ஹோசே வியாரியால் என்பவர் இதனை அமைத்தார். வடக்கு, தெற்கு ஆகிய இரு திசைகளிலும் இதற்கு முகங்கள் உண்டு. இவ்வமைப்பு அழகு கருதியதன்று. சான் இக்னாசியோ ஏறத்தாழ 27 பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்கு வேனிற்கால உச்சத்தில் காலை பத்து மணிக்குச் சற்று முன்பு வரையிலும், பின்னர் பிற்பகல் இரண்டு மணிக்கு மேலும் கதிரவன் கிழக்கு – மேற்குக் கோட்டிற்கு வடக்கே நிற்கும். அப்பொழுதுகளில் தெற்கு முகத்தில் வெயில் விழாது. குளிர்காலத்திலோ வடக்கு முகத்தில் வெயிலே விழாது. ஆண்டு முழுவதும் பொழுது காட்ட இரு முகமும் தேவை. தாக்குதலுக்கு அஞ்சி ஒடுங்கும் இடத்திற்கு இத்தகைய கருவி வேண்டுவதில்லை. நாள்தோறும் வேலை, வழிபாடு, வணிகம் ஆகியன முறையாக நிகழும் குடியிருப்பிற்கே வேண்டும்.

4. கட்டுமானச் சொற்களும் அவற்றின் மூலமும்

இப்பகுதிக் கட்டடங்களைப் பற்றிய ஆய்வுகளில் பயிலும் ஸ்பானியச் சொற்களை மூல அடிப்படையில் மூன்றாகப் பகுக்கலாம்.

4.1 அரபு மூலமுடையன

‘அதோபே’ என்பது வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல். இது ‘அத்தூப்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. அரபு அதனைக் காப்திய மொழியிலிருந்து பெற்றது. காப்தியச் சொல்லின் வேர் பண்டை எகிப்தியத்தில் உள்ளது. ‘அஸொத்தேயா’ என்னும் தட்டைக்கூரை, தளத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் குறுமை வடிவம். கிணற்றைக் குறிக்கும் ‘நோரியா’ அரபில் நீரிறைக்கும் சக்கரத்தைக் குறித்தது; மெக்சிக்கோ வழக்கில் சக்கரம் மறைந்து கிணறே பொருளாயிற்று. வாயிலுக்கும் முற்றத்திற்கும் இடைப்பட்ட கூரையிட்ட வழியைக் குறிக்கும் ‘ஸகுவான்’ அரபு வழியாகக் கிரேக்கத் தூண்மண்டபச் சொல்லோடு தொடர்புடையது. நைல் ஆற்றங்கரையின் மண்கல்லுக்கும் ரியோ கிராந்தே ஆற்றங்கரையின் மண்கல்லுக்கும் இடையே இவ்வாறு மூன்று மொழிகள் பாலமாக நிற்கின்றன.

4.2 நாவாத்தல் மூலமுடையன

‘ஹகால்’ என்பது ஏழை மக்களின் குடில். தரையில் நெருக்கமாக நட்ட மரக்கழிகளுக்கிடையே மண் அப்பிச் சுவராக்கி, மேலே புல் வேய்வர். இச்சொல் மெக்சிக்கோவின் நாவாத்தல் மொழியின் ‘ஷகால்லி’ என்பதன் திரிபு. அக்குடிலுக்குக் கழி தரும் ‘மெஸ்கீத்தே’ மரமும், வேய்வதற்குரிய ‘ஸகாத்தே’ புல்லும் அதே மொழியின் ‘மிஸ்கித்ல்’, ‘ஸகத்ல்’ என்னும் சொற்களே. மெஸ்கீத்தே தமிழகத்தில் சீமைக் கருவேல் எனவும் வேலிகாத்தான் எனவும் வழங்கும் மரத்தின் நெருங்கிய இனமாகும்.

இங்கு ஓர் உண்மை சிந்திக்கத்தக்கது. நாவாத்தல் இவ்வாற்றுப்பகுதியின் மொழியன்று. தொலைவிலுள்ள நடு மெக்சிக்கோவின் மொழி. ஸ்பானியர் தங்கள் பேச்சில் அதன் சொற்களை ஏற்று வடக்கே கொண்டுவந்தனர். இவ்வாற்றங்கரையில் அவர்கட்கு முன்பே வாழ்ந்த மக்களின் மொழிகள் வேறு. அவற்றுள் ஒன்றான கொமெக்ருதோவின் சொற்களை ஆல்பர்ட் காட்ஷெட் என்னும் மொழியியலார் 1886ஆம் ஆண்டு கமார்கோவுக்கு அருகில் எஞ்சியிருந்த சிலரிடமிருந்து குறித்துக்கொண்டார். பின்னர் அம்மொழி வழக்கொழிந்தது. இங்கே எடுத்துக்கொண்ட கட்டுமானச் சொற்களுள் ஒன்றேனும் அம்மண்ணின் தொல்மொழிகளைச் சார்ந்ததன்று. நிலத்தின் கல்லும் மரமும் புல்லும் சுவரில் உள்ளன. நிலத்து மக்களின் சொல் சுவரில் இல்லை. கட்டடத்தைக் காப்பது மட்டுமே மரபைக் காப்பதாகாது என்பதற்கு இது சான்று.

4.3 பொருள் மாற்றமுற்ற ஸ்பானியச் சொற்கள்

பொது ஸ்பானியத்தில் ‘சியார்’ என்பது சதுரித்த கட்டடக்கல் எதனையும் குறிக்கும். வடகிழக்கு மெக்சிக்கோவிலும் தென் டெக்சசிலும் அது நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் மென்மையான சுண்ணாம்பு மண்பாறைத் துண்டைச் சிறப்பாகக் குறிக்கின்றது. அப்பாறையின் பெயர் ‘கலீச்சே’. சுண்ணாம்பு என்னும் பொருளுடைய ‘கால்’ என்பதன் அடியாகப் பிறந்து, ஆங்கிலத்திலும் புகுந்த சொல் இது. சுண்ணாம்பும் மணலும் சரளையும் கலந்து கூரைக்கும் தரைக்கும் இடும் கலவை ‘சிப்பிச்சில்’ எனப்படும்.

துப்பாக்கித் துளையைக் குறிக்கும் ‘திரொனேரா’ இடியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லடியாகப் பிறந்தது. துளைக்குப் பெயர் தந்தது அதன் வடிவமன்று. அதன்வழி எழும் முழக்கம்.

‘ராஞ்சோ’ என்னும் சொல்லே இவற்றுள் பொருள் மாற்றத்தில் தலையாயது. தொடக்கத்தில் இது படைவீரர்கள் தங்குதலையும், அவர்கள் கூடியுண்ணும் உணவையும் குறித்த சொல். அமெரிக்க ஸ்பானியத்தில் இது கால்நடை நிலத்தையும், அதனைச் சார்ந்த சிற்றூரையும் குறிக்கலாயிற்று. ஆங்கிலம் இதனைக் கடன்பெற்றுப் பெருங்கால்நடைப் பண்ணை என்னும் பொருளுக்குச் சுருக்கிக்கொண்டது. படையினரின் சொல் மேய்ப்போரின் சொல்லாக மாறியது. ஆனால் அம்மேய்ப்போரின் வீட்டிற்கு ஆங்கிலம் இட்ட பெயரோ படையினரின் சொல்லாகிய ‘கோட்டை’. இம்முரண் அடுத்த பகுதிக்கு நம்மை இட்டுச் செல்கின்றது.

5. ‘கோட்டை’ என்னும் பெயரின் விளைவு

இவ்வகைக் கல்வீட்டைக் குறிக்க ஸ்பானியத்தில் ‘காஸா புவெர்த்தே’ என்னும் தொடர் உண்டு. ‘காஸா’ என்பது வீடு. ‘புவெர்த்தே’ என்பது வலிய. ஆகவே இது வலிய வீடு எனப் பொருள்படும். ‘புவெர்த்தே’ தனித்து நின்று பெயர்ச்சொல்லாகும்போது கோட்டை எனப் பொருள்படும். தொடரில் தலைமைச்சொல் ‘வீடு’. ‘வலிய’ என்பது அடை. ‘கோட்டை’ என்னும் ஆங்கில வழக்கில் வீடு மறைந்தது. அடை தலைமை பெற்றது. இலக்கண அளவில் இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவு ஓர் அடைச்சொல்லின் அளவே. வரலாற்று அளவில் அத்தொலைவு பெரிது.

முதலாவதாக, இவ்வாற்றங்கரையில் உண்மையான கோட்டைகள் இருந்தன. 1846இல் பிரௌன்ஸ்வில்லில் பிரௌன் கோட்டையும், 1848இல் ரியோ கிராந்தே நகரத்தில் ரிங்கோல்டு கோட்டையும், 1849இல் லரேதோவில் மெக்கின்டாஷ் கோட்டையும் அமெரிக்கப் படையால் நிறுவப்பெற்றன. அவை அரசின் படைவீடுகள். அணிவகுப்புத் திடலும் படையினர் குடியிருப்பும் உடையவை. மெக்சிக்கக் குடும்பம் ஒன்று தன் கால்நடைகளுக்காகவும் வேலையாட்களுக்காகவும் எழுப்பிய அறையையும் அவற்றையும் ஒரே சொல்லால் வழங்கும்போது, கட்டியவர் யார், எதற்காகக் கட்டினார் என்னும் இரு வினாக்களுக்கும் விடை மங்கிப்போகின்றது.

இரண்டாவதாக, 1830ஆம் ஆண்டின் ஓர் அறைக்குப் பொருந்தக்கூடிய பெயர் நாற்பதாண்டு வளர்ச்சியின் பயனாகிய முழுத் தொகுதிக்கும் இடப்பெறுகின்றது. தாக்குதல் அச்சம் 1851க்குப் பின்னும் நீங்கிவிடவில்லை. உயர்ந்த மதிலும் வலிய கதவும் அதனைக் காட்டும். ஆயினும், முற்றமும் வாழும் அறைகளும் சூரியக் கடிகாரமும் பாதுகாப்பை மட்டும் கருதி எழுந்தவை அல்ல. பகுதியின் பெயரை முழுமைக்கு இடுதல் செய்யுளில் ஆகுபெயராகச் சிறக்கலாம். ஆவணத்தில் அது பிழைபட்ட வரலாறாகும்.

மூன்றாவதாக, கோட்டை என்றவுடன் பகைவர் என்னும் கருத்து உடன் தோன்றுகின்றது. அதனால் தொல்குடி மக்கள் இவ்வரலாற்றில் தாக்குவோராக மட்டுமே இடம்பெறுகின்றனர். இவ்வூரில் வழங்கும் செவிவழிச் செய்தி ஒன்று வேறொரு காட்சியைத் தருகின்றது. சூரியக் கடிகாரத்தை அமைத்த ஹோசே வியாரியால் இளமையில் தொல்குடியினரால் சிறைகொள்ளப்பெற்றவர் என்றும், அவர்களிடையே இருந்த காலத்தில் வானைப் பார்த்துப் பொழுதறியக் கற்றார் என்றும் கூறுவர். மெய்ம்மை எவ்வாறாயினும், பகையின் சின்னமாகக் காட்டப்பெறும் அதே கட்டடத்தின் வாயில்மேல் பகைவர் தந்த அறிவு வீற்றிருக்கின்றது என ஊரார் நம்பினர் என்பது இச்செய்தியால் பெறப்படும். ‘கோட்டை’ என்னும் சொல்லில் இந்நம்பிக்கைக்கு இடமில்லை.

6. தமிழில் பெயர்த்தல்

இச்சொற்களைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர்க்குச் சில இடங்களில் எதிர்பாராத எளிமையும் சில இடங்களில் எதிர்பாராத இடரும் நேர்கின்றன.

‘ஸகுவான்’ என்பதற்கு ‘இடைகழி’ மிகப் பொருத்தமான சொல். வெளிவாயிலுக்கும் உள்வீட்டிற்கும் இடைப்பட்ட வழி என்னும் பொருள் இரண்டிற்கும் பொது. ‘பாத்தியோ’ என்பதற்கு ‘முற்றம்’, ‘வீகா’ என்பதற்கு ‘உத்திரம்’, கூரைநீர் வடியும் ‘கனால்’ என்பதற்குத் ‘தூம்பு’ ஆகியன தயக்கமின்றிப் பயன்படுத்தத்தக்கன. ‘சியார்’ என்பதற்குக் கல் எனப் பொதுப்படக் கூறுவதினும் ‘வெட்டுக்கல்’ என்பது சிறந்தது. நிலத்திலிருந்து வெட்டியெடுத்த மென்பாறைத் துண்டு என்னும் கருத்து அதில் அமைந்துள்ளது. எனினும், தமிழகத்தின் மேற்குக் கரையையொட்டிய பகுதிகளில் இச்சொல் செம்மண்பாறைத் துண்டைக் குறிப்பதால், சுண்ணாம்புப் பாறை என்பதை முதன்முறை விளக்குதல் நன்று.

‘ராஞ்சோ’ என்பதற்குப் ‘பண்ணை’ என்பது அகராதி தரும் சொல். ‘பட்டி’ என்பது அதனினும் நெருங்கியது எனக் கருதலாம். பட்டி என்னும் சொல் கால்நடை அடைக்கும் இடத்தையும் சிற்றூரையும் ஒருங்கே குறிக்கும். ஊர்ப்பெயர்களின் இறுதியாகவும் வரும். கால்நடைத் தொழுவிலிருந்து ஊர் பிறந்த வரலாறு இச்சொல்லில் உள்ளது. சான் இக்னாசியோவின் வரலாறும் அதுவே.

‘திரொனேரா’ என்பதற்கு ஞாயில் என்னும் பழஞ்சொல் நினைவிற்கு வரும். மதிலுறுப்பைக் குறிக்கும் இச்சொல் இனியது. ஆனால் அதனை ஆண்டால் வீடு மீண்டும் கோட்டையாகிவிடும். ‘துப்பாக்கித் துளை’ என வெளிப்படையாகக் கூறுவதே தக்கது.

பேரிடர் ‘காஸா புவெர்த்தே’ என்னும் தொடரில் உள்ளது. ‘அரண்’ என்பது காவல் வலிமை; ‘மனை’ என்பது வீடு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அரண்மனை’ எனவரும். ஆக்கத்தில் இது மூலத்தோடு முற்றிலும் ஒத்தது. பொருளிலோ அது மன்னர் வாழும் மாளிகையாகிவிட்டது. ஆங்கிலத்தில் வலிய வீடு கோட்டையாயிற்று. தமிழில் நாம் விழிப்பின்றி இருப்பின் அரசமாளிகையாகும். முன்னது படையினரிடமும் பின்னது அரசரிடமும் வீட்டை ஒப்படைக்கின்றது. கால்நடை வளர்த்தோர் இரண்டிலும் வெளியேற்றப்படுகின்றனர். ‘காவல் வீடு’ அல்லது ‘அரணமைந்த வீடு’ என்பது இவ்விடரைத் தவிர்க்கும். இரண்டிலும் வீடு என்பதே தலைமைச்சொல்.

கட்டடத்தின் உத்திரம் ஒன்றில் செதுக்கப்பெற்றுள்ள வாசகமும் ஆராயத்தக்கது. ‘என் பாஸ் இ லிபெர்தாத் ஒப்ரெமோஸ்’ என்பது அது. ‘அமைதியிலும் விடுதலையிலும்’ என முற்பகுதி எளிதாகப் பெயரும். ‘ஒப்ரெமோஸ்’ என்னும் வினைமுற்று தன்மைப் பன்மை, ஆனால் நிகழ்காலச் செய்தி வினையன்று, வேண்டுகோட் பொருளது. ‘பணி செய்கின்றோம்’ எனப் பெயர்ப்பின் அடைந்துவிட்ட நிலையைக் கூறியதாகும். ‘பணி செய்வோமாக’ என்பதே நேர். இருகரையிலும் அமைதி நிலையாதிருந்த காலத்தில் ஒரு குடும்பம் தன் தலைக்குமேல் எழுதிவைத்தது நிலைமையின் விவரமன்று; விருப்பம். தமிழில் ‘செய்வோம்’ என்னும் வடிவம் எதிர்காலத்திற்கும் வேண்டுகோளுக்கும் பொதுவாக நிற்பதால், வியங்கோட்பொருள் தோன்ற ‘ஆக’ சேர்த்தல் இன்றியமையாததாகின்றது. மேலும், இவ்வினையின் அடியாகிய ‘ஒப்ரா’ என்னும் பெயர்ச்சொல் பொதுவாகப் பணியையும், சிறப்பாகக் கட்டடப் பணியையும் குறிக்கும். உத்திரத்தின்மேல் அமைந்த அவ்வினையில் ‘கட்டுவோமாக’ என்னும் குறிப்பும் ஒலிக்கின்றது. தமிழில் ஒரே சொல்லால் இரண்டையும் தருதல் அரிது.

7. அண்டையூர் ரோமா: ஓர் ஒப்பீடு

சான் இக்னாசியோவின் இயல்பை உணரக் கீழாற்றில் உள்ள ரோமா என்னும் ஊரோடு ஒப்பிடுதல் பயனுடையது. ரோமா நீராவிப் படகுகள் வந்து சேர்ந்த துறைமுகம். அவ்வூரின் வணிக வளம் செங்கற் கட்டடங்களாக வெளிப்பட்டது. ஜெர்மனியில் பிறந்து, மாக்சிமிலியன் பேரரசராக இருந்த காலத்தில் மெக்சிக்கோவிற்கு வந்து, 1880களில் ரோமாவில் பணிபுரிந்த போர்ட்ஷெல்லர் என்னும் கட்டடக் கலைஞர் வார்ப்புச் செங்கற்களால் எழில்மிகு கொடுங்கைகளையும் சுவரொட்டித் தூண்களையும் அமைத்தார். 1884இல் எழுந்த மனுவேல் கெர்ரா வணிகக் கட்டடம் இதற்குச் சான்று. ரோமாவின் வரலாற்று வட்டாரம் 1993இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

ஹைன்ரிஷ் என்னும் ஜெர்மானிய முதற்பெயரோடு வந்த இவர் எல்லைப் பகுதியில் ‘என்ரீக்கே’ என வழங்கப்பெற்றார். அமெரிக்க மண்ணில் பணிபுரிந்த ஜெர்மானியரின் பெயர் ஆங்கிலமாகாது ஸ்பானியமானமை, அக்காலத்தில் அவ்வூரின் வாழும் மொழி எது என்பதை ஐயமின்றிக் காட்டும். ரோமாவின் கட்டடங்களில் வெளியுலகத் தொடர்பு முகப்பில் தெரிகின்றது. சான் இக்னாசியோவில் முகப்பு வெறுஞ்சுவர். வாழ்வு முற்றத்துள் அடங்கியுள்ளது. கடைவீதிக் கட்டடம் வழிப்போக்கரை நோக்கிப் பேசுகின்றது. காவல் வீடு தன் குடும்பத்தோடு மட்டும் பேசுகின்றது. வெளியிலிருந்து நோக்கியோர் அதனைக் கோட்டை என அழைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

8. அணையும் ஆவணமும்

1944ஆம் ஆண்டின் நீர் உடன்படிக்கைப்படி இருநாடுகளும் இணைந்து பால்கோன் அணையைக் கட்டின. 1953 ஆகஸ்டில் பெருவெள்ளம் நீர்த்தேக்கத்தை எதிர்பார்த்ததற்கு முன்னரே நிரப்பியது. பழைய சபாத்தா நகரமும் தென்கரையில் கெரெரோவும் நீரில் ஆழ்ந்தன. மக்கள் புதிய ஊர்களுக்குப் பெயர்ந்தனர். அக்டோபர் 19ஆம் நாள் ஐசனோவர், ரூயிஸ் கொர்த்தினெஸ் ஆகிய இருநாட்டுக் குடியரசுத் தலைவர்களும் அணையைத் திறந்துவைத்தனர். இருநூற்றாண்டுக்கால மணற்கல் வீடுகள் பல நீரின்கீழ் மறைந்தன. நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் கெரெரோவின் கோயிற் சுவர்களும் வீதிகளும் வெளிப்படுவதுண்டு. மேலாற்றுத் திசையில் அமைந்திருந்தமையால் சான் இக்னாசியோ எஞ்சியது. தாய் ஊர் மூழ்கியது. சேய் ஊரே சான்றாக நிற்கின்றது.

மூழ்கிய கட்டடங்களைப் பற்றி யூஜின் ஜார்ஜ் என்னும் கட்டடக்கலை அறிஞர் வெளியிட்ட நூல் 1975இல் வந்தது. அதன் விரிந்த வடிவம் 2008இல் வெளியாயிற்று. கல் அழிந்த இடத்தில் வரைபடமும் சொல்லுமே எஞ்சுகின்றன. சுவரே இல்லாதபோது, சுவரைப் பற்றிய ஆவணத்தில் உள்ள பெயர் தவறாயின் அதனைத் திருத்தச் சுவரை மீண்டும் பார்க்க முடியாது. சான் இக்னாசியோவில் கட்டடம் எஞ்சியிருந்தமையால்தான் ‘கோட்டை’ என்னும் பெயரை நேரில் ஆராய்ந்து 1998இல் மாற்ற முடிந்தது. நீரின்கீழ் உள்ள வீடுகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவற்றை ஆவணங்கள் எவ்வாறு பெயரிட்டனவோ அவ்வாறே அவை இனி நிலைபெறும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. சான் இக்னாசியோவின் கல்வீடு 1830 முதல் 1871 வரை படிப்படியாக வளர்ந்த குடியிருப்பு. அதன் பெரும்பகுதி எல்லை மாறிய பின்னர், மாறாத மரபில் எழுந்தது. அதன் கட்டுமானச் சொற்கள் அரபு, நாவாத்தல், ஸ்பானியம் ஆகிய மொழிகளின் தொடர்பைக் காட்டுகின்றன. அவ்வாற்றங்கரைத் தொல்மொழிகளின் இன்மையையும் காட்டுகின்றன. ‘வலிய வீடு’ என்னும் தொடரில் அடைச்சொல் தலைமைச்சொல்லாக மாறியமை, ஒரு குடும்பத்தின் இல்லத்தைப் போர் வரலாற்றின் சின்னமாக்கியது. ராஞ்சோ என்னும் பெயர் மீட்கப்பெற்றமை அவ்வரலாற்றைப் பெரிதும் நேராக்கியது.

கட்டடத்தின் பெயரை மொழிபெயர்ப்போர் அதனைக் கட்டியவர் யார், அதில் வாழ்ந்தவர் யார் என்பதையும் உடன் மொழிபெயர்க்கின்றனர். ஆகவே இத்தகைய தொடர்களில் எது தலைமைச்சொல், எது அடை என்பதை முதற்கண் துணிந்து, தமிழ்த் தொடரிலும் அத்தலைமை பிறழாது காத்தல் வேண்டும். அரண்மனையும் கோட்டையும் தமிழில் நிரம்ப உள்ளன. சான் இக்னாசியோவில் நிற்பது வீடு.